கற்பனை நிலவரைபடங்கள்: கணினி வழி ஆக்கம்

மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் கதை விளையாட்டுகளுக்கு ஒரு நாடு வேண்டும். அந்த நாட்டுக்கு மலையும் ஆறும் வேண்டும், நகரமும் எல்லையும் வேண்டும், தரைக்குக் கீழே நிலவறையும் வேண்டும். இவற்றைச் சமவாய்ப்பு எண்களைக் கொண்டு கணினி நிரல் தானே வரைந்து தருவதைக் கணினி வழி வரைபட ஆக்கம் என்கிறோம். பொத்தானை ஒரு முறை அழுத்தினால் யாரும் பார்த்திராத ஒரு கண்டம் திரையில் வந்து நிற்கும். அது நம்பும்படி இருப்பதும் இல்லாததும் நிரலுக்குள் எழுதப்பட்ட விதிகளைப் பொறுத்தது. சமவாய்ப்பு தனியாக நிலத்தை உண்டாக்குவதில்லை. இத்துறையின் ஐம்பது ஆண்டு வரலாறு, விதிகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்துவந்த வரலாறுதான்.

அந்த விதிகளைச் சோதித்துப் பார்க்கப் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் பொருத்தமான நிலம். மேற்கே பச்சைமலை, தெற்கே கொள்ளிடம், வடக்கே வெள்ளாறு. நடுவே ஏரித்தொடர்கள், கல்லாகிப்போன கடல், ஒரு கோட்டை, ஒரு பேரரசின் கைவிடப்பட்ட தலைநகர். கற்பனை வரைபடம் வரைபவர் ஆசைப்படுவதெல்லாம் இங்கே உண்மையாகவே இருக்கிறது.

கட்டையும் அட்டவணையும்

வைகுண்ட ஏகாதசி இரவில் ஆடும் பரமபதத்தில் பாம்பும் ஏணியும் இடம் மாறுவதில்லை. தாயக்கட்டை காயை நகர்த்தும், பலகையைத் தொடாது. உலகின் பழைய பலகை விளையாட்டுகள் ஏறக்குறைய எல்லாமே இப்படித்தான். ஆடுபவரின் விதி உருளும். நிலம் நிலையாக இருக்கும்.

இது தலைகீழானது 1970களில். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் அமெரிக்காவில் வெளிவந்தது. திறந்தவெளிப் பயணங்களுக்கு வேறொரு விளையாட்டின் பலகையையே பயன்படுத்தும்படி அதன் முதல் பதிப்பு சொன்னது. அவலான் ஹில் நிறுவனம் 1972இல் விற்ற ‘அவுட்டோர் சர்வைவல்’ விளையாட்டின் அறுகோணக் கட்டப் பலகை அது. நிலவறைகளை ஆட்டத்தை நடத்துபவர் கட்டத்தாளில் கையால் வரைந்துகொள்ள வேண்டும். தனியாக ஆட விரும்புபவருக்கு அது சரிப்படாது. தானே வரைந்த நிலவறையில் வியப்பதற்கு என்ன இருக்கிறது? இதற்கு விடையாக 1975 வசந்த காலத்தில் ‘ஸ்ட்ராட்டஜிக் ரிவியூ’ இதழின் முதல் எண்ணில் கைகாக்ஸ் சில அட்டவணைகளை வெளியிட்டார். கட்டையை உருட்ட வேண்டும். வழி வலப்புறம் திரும்புகிறதா, கதவு வருகிறதா, அறை எவ்வளவு பெரிது என்பதை விழுந்த எண் சொல்லும். ஆடுபவர் நடக்க நடக்கத் தரைப்படம் உருவாகும்.

1979இல் வந்த ‘டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு’ நூலின் முதல் இரண்டு பின்னிணைப்புகள் இந்த முறையை விரிவாக்கின. முதலாவது நிலவறைக்கு, இரண்டாவது திறந்தவெளிக்கு. இரண்டாவதில்தான் பின்னாளில் வந்த எல்லாவற்றின் கருவும் இருக்கிறது. அதில் எல்லா நிலத்துக்கும் ஒரே அட்டவணை கிடையாது. நீங்கள் இப்போது சமவெளியில் நிற்கிறீர்களா, குன்றில் நிற்கிறீர்களா என்பதைப் பொறுத்து அடுத்த கட்டத்தின் வாய்ப்புகள் மாறும். சமவெளிக்குப் பக்கத்தில் சமவெளி வர வாய்ப்பு அதிகம், சதுப்பு வரக் குறைவு. ரஷ்யக் கணிதவியலாளர் ஆந்த்ரேய் மார்க்கோவ் 1906இல் ஆராயத் தொடங்கிய சங்கிலிதான் இது; அடுத்த நிலையின் வாய்ப்பை இன்றைய நிலை முடிவு செய்கிறது. கணினி இல்லாமலேயே, இருபது முகக் கட்டை ஒன்றைக் கொண்டு, பக்கத்து நிலங்களுக்கு இடையே உறவு உண்டு என்ற விதி விளையாட்டுக்குள் வந்துவிட்டது.

விண்வெளிக்கும் இதையே செய்தார்கள். மார்க் மில்லரின் ‘டிராவலர்’ (1977) எட்டுக்குப் பத்து என எண்பது அறுகோணங்களைத் தந்து, ஒவ்வொன்றிலும் விண்மீன் குடும்பம் உண்டா இல்லையா என்பதைக் கட்டையிடம் விட்டது.

விதை எண்

கணினிக்கு உண்மையான கட்டை உருட்டத் தெரியாது. அது செய்வது கணக்கு. டெரிக் லெமர் 1949இல் முன்வைத்த வழியின் ஒரு சிறு வடிவத்தை எடுத்துக்கொள்வோம். ஓர் எண்ணை 5ஆல் பெருக்கி, 3 கூட்டி, 16ஆல் வகுத்து மீதியை எடுக்க வேண்டும். வந்த எண்ணுக்கு அதையே மீண்டும் செய்ய வேண்டும். 7இல் தொடங்கினால் 6, 1, 8, 11, 10, 5, 12 என்று போகும். பார்ப்பவருக்கு ஒழுங்கில்லாத வரிசை. ஆனால் 7இல் தொடங்கினால் என்றைக்கும் இதே வரிசைதான். தொடங்கும் எண்ணுக்கு விதை எண் என்று பெயர். ஒரு கண்டத்தை நண்பருக்குக் கொடுக்கப் படத்தை அனுப்ப வேண்டியதில்லை. இருவரிடமும் அதே நிரல் அதே அமைப்புகளோடு இருந்தால், விதை எண்ணைச் சொன்னால் போதும். அங்கேயும் அதே மலை, அதே ஆறு முளைக்கும்.

டான் வொர்த் ஆப்பிள் II கணினிக்கு எழுதிய ‘பினீத் ஆப்பிள் மேனர்’ (1978) ஒவ்வோர் ஆட்டத்துக்கும் புது நிலவறை வரைந்த முன்னோடி. 1980 வாக்கில் கலிஃபோர்னியாவில் மைக்கேல் டாய், க்ளென் விக்மன், கென் ஆர்னால்ட் ஆகியோர் எழுதிய ‘ரோக்’ இந்த எண்ணத்தை உலகெங்கும் கொண்டுபோனது. திரையை மூன்றுக்கு மூன்று என ஒன்பது பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஏதோ ஓர் அளவில் அறை போட்டு, அறைகளை நடைவழிகளால் இணைப்பதுதான் அதன் முறை. எளிய விதி, அதனால்தான் எந்த அறையும் எட்ட முடியாமல் தனித்துப் போகவில்லை. 1984இல் பிரிட்டனில் டேவிட் பிராபென், இயன் பெல் எழுதிய ‘எலீட்’, 32 கிலோபைட் நினைவகத்துக்குள் எட்டு விண்மீன் மண்டலங்களை, மண்டலத்துக்கு 256 உலகங்களாக, அடக்கியது. உலகங்கள் எங்கும் சேமிக்கப்படவில்லை; விதையிலிருந்து தேவைப்படும்போது கணக்கிடப்பட்டன.

தாம்பரத்தில் கோல இலக்கணம்

இந்த வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலுமே நின்றுவிடுகிறார்கள். அதே 1970களில் சென்னைக்குத் தெற்கே, தாம்பரத்திலிருக்கும் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் நடந்ததையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் படம் முழுமையாகாது. புள்ளியியல் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, கணிதவியலாளர் ராணி சிரோமணி, அவர்களோடு பணிசெய்த கமலா கிரிதிவாசன் ஆகிய மூவரும் படங்களுக்கு இலக்கணம் எழுத முடியுமா என்று ஆராய்ந்தார்கள். வாக்கியங்களுக்கு இலக்கண விதி எழுதும் முறை அப்போது கணினியியலில் வேரூன்றியிருந்தது. வாக்கியம் ஒரே வரிசையில் ஓடுவது. படம் நீளமும் அகலமும் கொண்டது. அதற்கான விதிகளை அவர்கள் 1972 முதல் ஆய்வுக் கட்டுரைகளாக வெளியிட்டார்கள். 1974இல் வந்த கட்டுரை கோலத்தையே எடுத்துக்கொண்டது.

புள்ளிகளையும் வளைவுகளையும் குறியீடுகளாக்கிக் கட்டங்களில் அடுக்குகிறார்கள். சிறிய அடுக்கைப் பெரிய அடுக்காக மாற்றும் விதிகளை எழுதுகிறார்கள். விதியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் ஒரு சிறு கோலத்திலிருந்து அதே குடும்பத்தைச் சேர்ந்த பெரிய கோலங்கள் பிறக்கின்றன. மார்கழி மாதத்தில் வாசலில் குனிந்து நிற்கும் பெண்கள் மூன்று புள்ளிக் கோலத்தைப் பதினைந்து புள்ளியாக வளர்ப்பது எந்த அறிவால் என்பதைக் கணிதத்தில் பிடிக்க முயன்ற பெரிய முயற்சி இது. கிஃப்ட் சிரோமணி 1988இல் மறைந்தார். கல்வெட்டு எழுத்து, சிந்துவெளி எழுத்து, பல்லவர் கலை என்று பரந்த அவருடைய ஆர்வங்களில் கோலம் ஒன்று. ராணி சிரோமணி 2019 வரை வாழ்ந்தார். இருவருக்கும் தமிழ்நாட்டில் கிடைக்க வேண்டிய புகழ் கிடைக்கவில்லை என்பதே என் எண்ணம்.

விளையாட்டு வரைபடத்துக்கும் இதற்கும் உறவு உண்டு. தாவரங்கள் வளர்வதை விவரிக்க அரிஸ்டிட் லிண்டன்மேயர் 1968இல் ஓர் எழுத்து மாற்று இலக்கணம் தந்தார். அவரும் பிரெமிஸ்லாவ் புருசின்கியேவிச்சும் எழுதி 1990இல் வெளிவந்த நூல், அந்த இலக்கணத்தின் பயன்களில் ஒன்றாகத் தென்னிந்தியக் கோலத்தையும் குறிப்பிடுகிறது. 2001இல் யோவாவ் பாரிஷும் பாஸ்கல் முல்லரும் அதே லிண்டன்மேயர் முறையை விரிவாக்கி ஒரு நகரத்தின் தெருக்களைக் கிளைவிட்டு வளரச் செய்தார்கள். யோரிஸ் டோர்மன்ஸ் 2010இல், வீரன் செய்ய வேண்டிய பணிகளையும் அவன் கடக்கும் இடங்களையும் இலக்கண விதிகளால் உருவாக்கும் வழியைக் காட்டினார். தாம்பரத்திலிருந்து அவர்களுக்கு நேர்க்கோடு போட முடியாது. ஆனால் சிறிய விதியிலிருந்து பெரிய இடம் வளரும் என்ற நம்பிக்கை எல்லோருக்கும் பொது, அதைத் தாம்பரத்தார் முன்னதாகவே எழுதி வைத்தார்கள்.

மலை வந்தது, ஆறு தாமதமாக வந்தது

கடற்கரை எவ்வளவு நெருங்கிப் பார்த்தாலும் அதே அளவு நெளிவுடன் இருக்கும் என்று பெனுவா மாண்டல்புரோட் 1967இல் பிரிட்டனின் கரையை வைத்து விளக்கினார். அவர் பின்னாளில் ஃப்ராக்டல் என்று பெயரிட்ட இந்தப் பண்பைக் கொண்டு, போயிங் நிறுவனத்தில் வேலை பார்த்த லோரன் கார்ப்பென்டர் 1980இல் மலைகளுக்கு மேல் பறக்கும் குறும்படம் ஒன்றைக் கணினியில் செய்தார். முக்கோணத்தின் ஒவ்வொரு பக்கத்தின் நடுப்புள்ளியையும் சற்றே மேலோ கீழோ தள்ளி, கிடைத்த சிறு முக்கோணங்களில் அதையே மீண்டும் செய்தால் மலை வந்துவிடும். கென் பெர்லின் 1985இல் வெளியிட்ட ‘இரைச்சல்’ முறை இன்னும் பரவலானது. கட்டங்களின் முனைகளில் சமவாய்ப்பாகச் சரிவுகளை வைத்து, இடையில் மென்மையாக நிரப்பி, பெரிய அலையின் மேல் சிறிய அலைகளை அடுக்குவது அதன் சாரம். அதற்காக 1997இல் அவருக்கு ஆஸ்கர் அகாடமியின் தொழில்நுட்ப விருது கிடைத்தது.

இந்த மலைகளுக்கு ஒரு குறை இருந்தது. மேலும் கீழும் ஒரே மாதிரி. தலைகீழாகக் கவிழ்த்தாலும் வித்தியாசம் தெரியாது. உண்மை நிலம் அப்படியன்று. நீர் அரித்த பள்ளத்தாக்கின் வடிவம் வேறு, முகட்டின் வடிவம் வேறு. கென் மஸ்கிரேவும் துணைவர்களும் 1989இல் மழை அரிப்பையும் கணக்கில் சேர்த்தார்கள். ஆனால் விளையாடுபவர்களின் கையில் கிடைத்த கருவிகளுக்கு நீர் வர இன்னும் இருபது ஆண்டு ஆனது. லண்டனின் ப்ரோஃபேண்டசி நிறுவனம் 1993இல் கொண்டுவந்த ‘கேம்பெய்ன் கார்ட்டோகிராஃபர்’ அழகான வரைபடங்களைத் தந்தது. ஆனால் வரைவது மனிதர்.

2010இல் அமித் பட்டேல், நிலத்தைச் சதுரங்களுக்குப் பதில், சிதறிய புள்ளிகளைச் சுற்றி அமையும் வோரோனாய் பலகோணங்களாகப் பிரித்து, உயரத்திலிருந்து கடலை நோக்கி ஆறு ஓடும்படி ஒரு முறையை விளக்கமாக வெளியிட்டார். 2016இல் பனியாற்று ஆய்வாளர் மார்ட்டின் ஓ’லியரி, நீர் ஓடி அரித்த நிலத்தின் மேல் நகரங்களையும் எல்லைகளையும் பெயர்களையும் வைக்கும் நிரலைத் தந்தார். இந்த இருவரின் வழியில் 2017 முதல் வளர்ந்தது ‘அஸ்கார்’ என்ற புனைபெயர்க்காரரின் ‘ஃபேண்டசி மேப் ஜெனரேட்டர்’. இணைய உலாவியில் இலவசமாக இயங்கும் இந்தத் திறமூல நிரல் வெப்பம், மழை, பண்பாடு, சமயம், அரசு, சாலை என்று அடுக்கடுக்காகக் கணக்கிடுகிறது. அதே 2017இல் ‘வதாபோ’ என்பவரின் இடைக்கால நகர ஆக்கி வந்தது. மாக்சிம் குமின் 2016இல் வெளியிட்ட அலைச்சார்புக் குலைவு முறை, ஒரு சிறு மாதிரிப் படத்தைக் கொடுத்தால் அதன் பக்கத்துக் கட்டங்களின் உறவுகளை மட்டும் கற்றுக்கொண்டு எவ்வளவு பெரிய படத்தையும் நிரப்பித் தருகிறது. 1979ஆம் ஆண்டின் அட்டவணை செய்த வேலைதான், இரு பரிமாணத்தில்.

பெரம்பலூர், அரியலூர் நிலத்தில் உரசிப் பார்த்தல்

மருதையாறு பச்சைமலையில் பிறந்து பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களைக் கடந்து கொள்ளிடத்தில் சேர்கிறது. இதுவரை கருவிகளின் விதி சரியாகவே பொருந்தும். அடுத்த படியில்தான் பிசகுகிறது.

ஆற்றை ஓடவிடுவதற்கு முன் இந்த நிரல்கள் ஒரு வேலை செய்கின்றன. நிலத்தில் நீர் தேங்கும் குழிகளையெல்லாம் கண்டுபிடித்து, மேடாக்கிவிடுகின்றன. குழி இருந்தால் ஆறு கடல்சேராமல் பாதியில் நின்றுவிடும் என்பதால் குழி அவற்றுக்குப் பிழை. இந்தப் பகுதியின் மக்கள் ஆயிரம் ஆண்டுகளாகச் செய்துவந்தது நேர் எதிரான வேலை. ஓடிப்போகும் நீரை நிறுத்தச் சரிவின் குறுக்கே கரை போட்டார்கள். ஓர் ஏரி நிரம்பினால் கலிங்கு வழியே நீர் வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும். மதகு திறந்தால் வயலுக்குப் போகும். முதலாம் இராசேந்திரன் கங்கைகொண்ட சோழபுரத்தில் வெட்டுவித்த சோழகங்கம், இன்று பொன்னேரி எனப்படுவது, இந்த அறிவின் பெரிய வடிவம். கரைவெட்டி ஏரி 2024இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. பாசனத்துக்குத் தேக்கிய நீர் வெளிநாட்டுப் பறவைகளின் குளிர்கால வீடாகவும் ஆகியிருக்கிறது. ஏரி என்பது இயற்கைக்கும் அரசுக்கும் நடுவே நிற்கும் ஒரு பொருள். பரவலாகப் புழங்கும் கருவிகளில் ஏரி இயற்கையாக உண்டாவது. நகரம் பிறகு அதன் கரையில் வரும். ஊரும் ஏரியும் சேர்ந்தே பிறக்கும் விதியை யாராவது எழுதினால் தமிழ்நாட்டின் பெரும்பகுதியை வரைந்துவிடலாம். கடினமான நிரலும் அன்று: சரிவு தெரியும், நீரோட்டம் தெரியும், கரை போட ஏற்ற இடத்தைத் தேடுவது மட்டுமே மிச்சம்.

மழையும் அப்படித்தான். பெரும்பாலான கருவிகளில் காற்று ஆண்டு முழுதும் ஒரே திசையில் வீசும். மலையின் ஒரு பக்கம் காடு, மறுபக்கம் பாலை. இங்கே காற்று அரையாண்டுக்கொரு முறை திரும்புகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை தருவதே இம்மாவட்டங்களுக்கு முக்கியமான நீர். பருவம் மாறும் ஒரே நிலத்துக்கு இரண்டு வரைபடங்கள் வேண்டும்.

தரைக்குக் கீழே போனால் கருவிகள் இன்னும் வறுமையாகத் தெரிகின்றன. அரியலூர்ப் பாறைகள் கிரெட்டேசியஸ் காலத்துக் கடலடியில் படிந்தவை. எச்.எஃப். பிளான்ஃபோர்டு 1862இல் வெளியான தம் ஆய்வில் இவற்றை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று அடுக்குகளாகப் பிரித்தார். இன்றும் உலகப் புவியியலாளர் அந்தப் பெயர்களைச் சொல்கிறார்கள். அந்தக் கடலின் அம்மோனைட்டுகள் ஓடைகளில் கிடைக்கின்றன. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டருக்கும் நீளமான கல்மரம் கிடக்கிறது, எம்.எஸ். கிருஷ்ணன் 1940இல் அதை அறிவியல் உலகுக்கு அறிவித்தார். கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளை வைத்து 1987இல் புருகத்காயோசாரஸ் என்ற பேருருவ டைனோசார் விவரிக்கப்பட்டது. அந்த எலும்புகள் பிறகு சிதைந்து அழிந்தன. சுண்ணாம்புக் கல் சுரங்கங்களும் சிமெண்ட் ஆலைகளும் இங்கே இருப்பதற்கும் அதே கடல்தான் காரணம். நிலத்துக்குக் கீழே வரலாறு இருந்தால் மேலே தொழில் வரும், ஊர் வரும். கற்பனை வரைபடத்தின் நிலவறையோ பெரும்பாலும் எந்தப் பாறையில் வெட்டியது என்றுகூடத் தெரியாமல் மிதக்கிறது.

கோட்டைக்கு ரஞ்சன்குடி இருக்கிறது. அகழி, அரைவட்டக் கொத்தளங்கள், உயர உயர மூன்று நிலைகள். 1751இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஆளுக்கொரு நவாபின் பக்கம் நின்று வாலிகண்டபுரத்தை ஒட்டி மோதிய போர்க்களம். மேசை விளையாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான தரைப்படம் தேடினாலும் கிடைக்காது. நகரத்துக்கு வந்தால் வதாபோவின் நிரல் சந்தைச் சதுக்கத்தை நடுவில் வைத்து, மதில் கட்டி, ஓரத்தில் அரண்மனை வைக்கிறது. தமிழ்க் கோயில் நகரம் வேறு இலக்கணம் கொண்டது. கருவறையிலிருந்து சதுரம் சதுரமாகச் சுற்றுகள் விரியும், தேர் திரும்பும் அகலத்துக்கு மாடவீதிகள் அமையும், குளம் கோயிலை ஒட்டியிருக்கும். கங்கைகொண்ட சோழபுரத்தில் கோயில் நிற்கிறது. அரண்மனை மாளிகைமேட்டில் செங்கல் அடித்தளமாகத் தோண்டி எடுக்கப்படுகிறது. ஒரு தலைநகரில் எது மிஞ்சும், எது அழியும் என்பதையும் விதியாக எழுத இந்த ஓர் ஊர் போதும்.

எல்லைகள் விஷயத்தில் மாவட்டங்கள் நிரலைவிடச் சுறுசுறுப்பானவை. நிரல் தலைநகரிலிருந்து பக்கத்துக் கட்டங்களுக்கு அரசை விரிக்கும். மலைக்கும் ஆற்றுக்கும் கூடுதல் செலவு வைக்கும். முடிந்ததும் எல்லை உறைந்துவிடும். பெரம்பலூர் 1995இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து தனி மாவட்டமானது. அரியலூர் 2001இல் அதிலிருந்து பிரிந்தது, 2002இல் திரும்பச் சேர்ந்தது, 2007 நவம்பரில் மறுபடி பிரிந்தது. மலையும் ஆறும் இருந்த இடத்தில்தான் இருந்தன.

இன்று செய்யக்கூடியது

2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் ரேடார் கொண்டு பூமியின் பெரும்பகுதியை அளந்தது. அந்த உயரத் தரவு இலவசம். பச்சைமலையிலிருந்து கொள்ளிடம் வரையான துண்டைச் சாம்பல்நிறப் படமாக எடுத்து அஸ்காரின் கருவியில் ஏற்றினால், நிலம் உண்மையாகவும் மக்கள் கற்பனையாகவும் இருக்கும் நாடு கிடைக்கும். ஏரிகளைக் கையால் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பெயர்களுக்கும் வழியுண்டு. அந்தக் கருவி ஊர்ப்பெயர்களை மார்க்கோவ் சங்கிலியால் கோக்கிறது. உண்மைப் பெயர்களின் பட்டியலைப் படித்து, எந்த ஒலிக்குப் பின் எது வருகிறது என்று எண்ணி, புதிய பெயர் செய்கிறது. பட்டியலைப் பயனரே மாற்றலாம். வேப்பந்தட்டை, லப்பைக்குடிக்காடு, வாலிகண்டபுரம், செட்டிகுளம், அரும்பாவூர், பூலாம்பாடி, எசனை, லாடபுரம், குன்னம், செந்துறை, ஆண்டிமடம், ஜெயங்கொண்டம், உடையார்பாளையம், கீழப்பழுவூர், திருமழபாடி என்று நூறு பெயர்களைக் கொடுத்தாலும், குளத்தின் பக்கத்தில் குளம் என்று முடியும் ஊரும் காட்டோரத்தில் காடு என்று முடியும் ஊரும் வரவேண்டும் என்று கருவிக்குத் தெரியாது. அது ஒலியை மட்டுமே படிக்கிறது. முடிவொட்டைத் தனியே பிரித்து, நிலவகையைப் பார்த்துச் சேர்க்கும்படி சில வரிகள் நிரலில் எழுதினால் அதுவும் சரியாகும்.